நூறு வாட் போதும்

சமுதாய வானொலிக்காரர்கள், அதாவது ஒரு வட்டாரத்து மக்களுக்காகச் சின்ன எஃப்எம் நிலையம் நடத்துகிறவர்கள், நாலு பேர் ஓரிடத்தில் கூடினால், டீ வந்து சேர்வதற்குள் இந்தப் பேச்சு வந்துவிடும். "பவர் பத்தலைங்க. அஞ்சு கிலோமீட்டர் தாண்டினா கரகரங்குது. நூறு வாட்டை வச்சுக்கிட்டு என்ன பண்றது?" ஒருவர் தலையாட்டுவார். இன்னொருவர் தனியார் எஃப்எம் மாவட்டம் முழுக்கக் கேட்பதை எடுத்துச் சொல்வார். கடைசியில், அரசாங்கம் வாட்டை ஏற்றித் தராதவரை இந்தத் துறை தேறாது என்ற இடத்தில் பேச்சு வந்து நிற்கும். எத்தனை முறை கேட்டாலும் இதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. வாட் பற்றவில்லை என்று சொல்லும் நிலையங்களில் பெரும்பாலும் அது மொட்டைமாடியிலேயே வீணாகிக்கொண்டிருக்கிறது. அதைச் சரிசெய்த பிறகும் ஒரு குறை மிஞ்சும். அந்தக் குறைக்கும் வாட்டுக்கும் சம்பந்தமே இருக்காது.

விதி இந்தத் துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆன்டெனாவின் ஆதாயத்தையும் (அலையைக் குவித்து அது கூட்டித்தரும் மடங்கு) சேர்த்துக் கணக்கிட்டு, வெளியேறும் திறன் 100 வாட்டைத் தாண்டக் கூடாது. ஆன்டெனா தரையிலிருந்து 15 மீட்டருக்குக் குறையாமலும் 30 மீட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும். நிலப்பரப்பு கரடுமுரடானது, சேவைப் பகுதி பெரியது என்று காரணம் காட்டினால் 250 வாட் வரை கேட்கலாம். சரி, 250 கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தூரம் எவ்வளவு கூடும்? சமவெளியில் எஃப்எம் அலை வானொலிப் பெட்டிக்கு இரண்டு வழியாக வருகிறது. நேராக வருவது ஒன்று, தரையில் பட்டுத் தெறித்து வருவது இன்னொன்று. கொஞ்ச தூரம் போனதும் இரண்டும் ஒன்றையொன்று தின்ன ஆரம்பிக்கும். அதனால் தூரம் இரண்டு மடங்கானால், வந்து சேரும் திறன் ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காகிவிடும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 8 கிலோமீட்டர் கேட்கும் நிலையம் 250 வாட்டுக்குப் போனால் 10 கிலோமீட்டர் கேட்கும், அவ்வளவுதான். 16 கிலோமீட்டர் வேண்டுமென்றால் 1600 வாட் தேவை. ஆனால் உயரத்தின் கணக்கு வேறு. ஆன்டெனா உயரம் இரண்டு மடங்கானால் வந்து சேரும் திறன் நாலு மடங்காகிறது. 15 மீட்டர் கம்பத்தை 30 மீட்டர் ஆக்குவது 100 வாட்டை 400 வாட் ஆக்குவதற்குச் சமம். உயரத்துக்கும் அனுமதி வாங்கத்தான் வேண்டும், ஆனால் அது இப்போதுள்ள விதிக்குள்ளேயே கிடைக்கக்கூடியது. கம்பத்தை 15 மீட்டரில் நிறுத்திவிட்டு வாட்டுக்காக மனுப் போடுகிறவர்கள் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

சென்னையின் முதல் ஒலிபரப்பை நினைத்துக்கொள்வது நல்லது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று 1924 மே மாதத்தில் தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப், அந்த ஜூலை 31 அன்று ஒலிபரப்பை ஆரம்பித்தபோது அவர்களிடம் இருந்தது 40 வாட் டிரான்ஸ்மிட்டர். பிறகு 200 வாட் வந்தது. 1927-ல் கிளப் ஒலிபரப்பை நிறுத்தியது வாட் பற்றாமல் இல்லை, பணம் பற்றாமல். அதன் கருவியை எடுத்துக்கொண்டு சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பை நடத்தியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலி பொறுப்பேற்றது. ஆக, இந்த ஊரில் வானொலி தொடங்கும்போதே ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்திய சின்ன வானொலியாகத்தான் தொடங்கியது. பெரியது பின்னால் வந்தது.

கம்பத்துக்கும் கன்சோலுக்கும் நடுவே

பெரும்பாலான நிலையங்களில் இருப்பது 50 வாட் டிரான்ஸ்மிட்டர். மேலே இரண்டு அடுக்கு ஆன்டெனா இருந்தால் 3 டெசிபல் ஆதாயம், அதாவது இரண்டு மடங்கு. காகிதத்தில் 100 வாட் வந்துவிட்டது. நடுவே கேபிள் இருக்கிறதே, அதுதான் கணக்கில் விட்டுப்போகிறது. 30 மீட்டர் கம்பம், கம்பத்தின் அடியிலிருந்து அறை வரை இன்னும் பத்துப் பதினைந்து மீட்டர் என்றால் 45 மீட்டர் ஓட்டம். விலை மலிவு, வளைக்கச் சுலபம் என்று ஆர்ஜி-213 கேபிளைப் போட்டால், எஃப்எம் அலைவரிசையில் அது 100 மீட்டருக்கு ஏறக்குறைய 7 டெசிபலைத் தின்னும். 45 மீட்டரில் 3 டெசிபலுக்குக் கொஞ்சம் மேல். டிரான்ஸ்மிட்டரை விட்டுக் கிளம்பிய 50 வாட்டில் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேர்வது 24 வாட். மிச்சம் கேபிளைச் சூடாக்கப் போய்விட்டது. அதே ஓட்டத்துக்கு அரை இஞ்ச் செம்பு உறைக் கேபிள் போட்டால் இழப்பு 1 டெசிபல், ஆன்டெனாவுக்கு 40 வாட் கிடைக்கும். எவரோ அவசரத்துக்கு ஆர்ஜி-58 போட்டு, அதை மாற்ற மறந்துபோன நிலையம் என்றால் மேலே போவது 10 வாட்கூட இல்லை. அந்த நிலையம்தான் கூட்டத்தில் எல்லோரையும்விடச் சத்தமாக 250 வாட் கேட்கும்.

அரை இஞ்ச் கேபிளுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. 125 மில்லிமீட்டருக்குக் குறைவான ஆரத்தில் அதை வளைக்கக் கூடாது. கம்பத்தில் ஏறக்குறைய மீட்டருக்கு ஒரு கிளாம்ப் போட்டுக் காற்றில் ஆடாமல் கட்ட வேண்டும். ஒருமுறை நசுங்கிய இடம் நசுங்கியதுதான், நிமிர்த்தினாலும் பழைய நிலைக்கு வராது. ஆன்டெனாவையும் கம்பத்தோடு ஒட்டிக் கட்டக் கூடாது. 90.4 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3.3 மீட்டர். குறைந்தது கால் அலை, அதாவது 80 சென்டிமீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். முடிந்தால் அரை அலை. கம்பத்தின் இரும்பு அருகே இருந்தால் அதுவும் ஆன்டெனாவின் ஓர் உறுப்பு மாதிரி வேலை செய்து, ஒரு திசைக்கு அதிகமாகவும் எதிர்த் திசைக்குக் குறைவாகவும் அலையைத் தள்ளும். "வடக்கே நல்லா கேக்குது, தெற்கே சுத்தமா இல்லை" என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஆன்டெனாவைக் கம்பத்தின் எந்தப் பக்கத்தில் கட்டியிருக்கிறார்கள் என்பதை.

இத்தனையிலும் நிலையங்களை அதிகம் சாகடிப்பது தண்ணீர். மேலே ஆன்டெனாவும் கேபிளும் சேரும் இடத்தில் ஒரு என்-கனெக்டர் இருக்கிறது. கட்டைவிரல் பருமன்தான். அதற்குள் மழைநீர் சொட்டுச் சொட்டாக இறங்கும். செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கும், நடு ஊசி கறுக்கும், கேபிளின் கம்பிப் பின்னலுக்குள் ஈரம் நூல் பிடித்த மாதிரிக் கீழ்நோக்கி நடக்கும். கடலோரமாக இருந்தால் உப்புக் காற்று இந்த வேலையை ஒரே பருவத்தில் முடித்துவிடும். இதற்கு மருந்து ஒரு சுருள் ரப்பர் டேப், தன் மேலேயே ஒட்டி ஒன்றாகிப் போகும் வகை. அதை இழுத்து, ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளமாக்கிச் சுற்ற வேண்டும். இழுக்காமல் சுற்றினால் ஒட்டாது. சுற்றும் திசை முக்கியம். கீழிருந்து மேலே போக வேண்டும், ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூட வேண்டும். ஓடு வேய்கிற மாதிரிதான், மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிந்தால் தண்ணீர் வழிந்து ஓடும், மாற்றி வைத்தால் உள்ளே போகும். அதன் மேல் வெயில் தாங்க ஒரு சுற்று கறுப்பு பிவிசி டேப். கேபிள் அறைக்குள் நுழைவதற்கு முன் ஒரு சாண் கீழே தொங்கி வளைந்து ஏற வேண்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டி விழுந்துவிடும். அந்த வளைவு இல்லாத நிலையங்களில் மழைநீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே வந்து டிரான்ஸ்மிட்டரின் தலையில் இறங்கியிருக்கிறது.

தண்ணீர் இறங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ள மேலே ஏற வேண்டியதில்லை. டிரான்ஸ்மிட்டரின் முகப்பில் இரண்டு எண்கள் தெரியும். ஒன்று போகிற திறன், இன்னொன்று திரும்பி வருகிற திறன். 50 வாட் போகும்போது 2 வாட் வரை திரும்பினால் கவலையில்லை. 5 வாட் திரும்பினால் எங்கோ கோளாறு. அதற்கு மேல் போனால் டிரான்ஸ்மிட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் திறனைத் தானே குறைத்துக்கொள்ளும், நிலையத்தில் இருப்பவர்களுக்குத் தெரியவும் தெரியாது. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. மோசமான கேபிள் மோசமான ஆன்டெனாவை மறைத்துவிடும். 3 டெசிபல் தின்னும் கேபிளில் போகும்போது பாதி போய்விடுகிறது, திரும்பும்போது மறுபடி பாதி போய்விடுகிறது. மேலே ஆன்டெனா தனக்கு வந்ததில் கால்பங்கைத் திருப்பி அனுப்பினாலும், கீழே மீட்டர் 3 வாட்தான் காட்டும். "ரிஃப்ளெக்டட் கம்மியாத்தானே இருக்கு" என்று நிம்மதியாக இருப்பார்கள். அதனால்தான் எண்ணின் அளவைவிட அது நகர்கிறதா என்பதைப் பார்க்கச் சொல்கிறேன். தினமும் காலையில் ஒலிபரப்பு தொடங்கியதும் அந்த இரண்டு எண்களையும் ஒரு நோட்டில் எழுதினால் போதும். ஆவணியில் 1 வாட் திரும்பியது ஐப்பசியில் 3 ஆகியிருந்தால் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

மின்னலைப் பற்றி ஒரு வரியாவது சொல்லாமல் போக முடியாது. கம்பத்துக்கு ஓர் எர்த், மின்சாரத்துக்கு ஓர் எர்த், ஸ்டுடியோவுக்கு ஓர் எர்த் என்று மூன்று குழி வெட்டி மூன்றையும் தனித்தனியே விட்டுவிட்டால், மின்னல் விழும் நொடியில் மூன்றுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும். அது மிக்ஸர் வழியாகத்தான் பாயும். கரியும் உப்பும் போட்டு எத்தனை நல்ல குழி வெட்டினாலும், எல்லாவற்றையும் தடித்த செம்புப் பட்டையால் ஒன்றோடொன்று இணைத்தாக வேண்டும். ஸ்டுடியோவில் எந்நேரமும் கேட்கும் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் பல இடங்களில் இதோடு போய்விடும்.

ஸ்டீரியோ என்னும் வீண்செலவு

இன்னொரு நாலு மடங்கு சும்மா கிடக்கிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, கிராமப்புறத்தில் ஒற்றைத் தடமான மோனோ ஒலி தெளிவாகக் கேட்க மீட்டருக்கு 48 டெசிபல் மைக்ரோவோல்ட் புலவலிமை (அந்த இடத்தில் அலைக்கு இருக்கும் பலம்) போதும். இடது, வலது என இரண்டு தடமான ஸ்டீரியோவுக்கு 54 வேண்டும். வித்தியாசம் 6 டெசிபல், அதாவது நாலு மடங்கு திறன். சமுதாய வானொலியில் ஓடுவது பெரும்பாலும் பேச்சு. ஒரே மைக்கில் பதிந்த பேச்சு. அதைக் கேட்பவர் கையில் இருப்பது ஒற்றை ஸ்பீக்கர் பெட்டி அல்லது காதில் மாட்டிய இயர்போன். அந்தப் பேச்சை ஸ்டீரியோவாக அனுப்பி, ஓரத்துக் கிராமங்களில் இரைச்சலை வாங்கிக் கட்டிக்கொள்கிறோம். டிரான்ஸ்மிட்டரின் பின்னால் உள்ள ஒரு சுவிட்சை, அல்லது மெனுவில் உள்ள ஒரு வரியை மாற்றினால் முடிந்தது. பக்கத்திலேயே ப்ரீ-எம்ஃபசிஸ் என்று ஒன்று இருக்கும், ஒலியின் கீச்சுப் பகுதியை அனுப்பும்போதே கொஞ்சம் தூக்கிவிடும் அமைப்பு. இந்தியாவில் அது 50 மைக்ரோ விநாடி. அமெரிக்கச் சந்தைக்குச் செய்த கருவிகள் 75-ல் வரும். அதை அப்படியே விட்டால் 'ச', 'ஸ' வரும் இடமெல்லாம் காதைக் கிழிக்கும்.

ஒலியின் அளவும் தூரத்தைத் தீர்மானிக்கும். அதிர்வெண் விலகல், அதாவது ஒலி ஏற இறங்க அலையின் அதிர்வெண் நகரும் தூரம், 75 கிலோஹெர்ட்ஸ் வரை போகலாம் என்பது அளவு. பாட்டு அந்த எல்லையைத் தொடுகிறது, அதற்குப் பின் வரும் பேச்சு அதில் கால்வாசியைக்கூடத் தொடுவதில்லை. அலை எட்டும் எல்லையின் ஓரத்தில் இருப்பவருக்குப் பாட்டு கேட்கும், பேச்சு இரைச்சலில் முங்கிப்போகும். அவர் பேச்சு வந்ததும் வேறு நிலையத்துக்குப் போய்விடுவார். இதற்கு நடுவே, உரத்ததை அடக்கி மெல்லியதோடு சமப்படுத்தும் ஒரு கம்ப்ரெசர், 3-க்கு 1 விகிதத்தில், அதன் பின் ஒலி எல்லை தாண்டாமல் தடுக்கும் ஒரு லிமிட்டர் வேண்டும். இப்போது இரண்டும் இலவச மென்பொருளிலேயே கிடைக்கிறது. மைக் வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில் இருக்கட்டும். விலையுயர்ந்த கண்டென்சர் மைக் வேண்டாம், அது தெருவில் போகும் பஸ்ஸையும் சேர்த்துப் பதியும். சாதாரண டைனமிக் மைக் போதும். சுவரில் முட்டை அட்டை ஒட்டும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். அது எதிரொலியின் மேல் பகுதியைக் கொஞ்சம் குறைக்குமே தவிர, வெளிச் சத்தத்தைத் தடுக்காது. சத்தத்தைத் தடுப்பது கனமும் இடைவெளியும்தான். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்ட தடித்த பஞ்சு ரஜாய், மின்விசிறியை நிறுத்துவது, இந்த மூன்றும் அட்டையைவிட எவ்வளவோ மேல்.

ஒலிபரப்பியதை மூன்று மாதம் பதிந்து வைத்திருக்க வேண்டும் என்ற விதியைப் பார்த்தும் சிலர் பயப்படுகிறார்கள். நொடிக்கு 64 கிலோபிட் எம்பி3-யில் ஒரு மணி நேரம் 29 மெகாபைட் வரும். இருபத்துநாலு மணி நேரமும் ஓடினாலும் 90 நாளுக்கு 62 ஜிகாபைட். ஒரு பென்டிரைவில் அடங்கிவிடும்.

நடந்து பார்த்தால் தெரிவது

இத்தனையும் செய்தபின் ஒரு வேலை பாக்கி. சைக்கிளோ பைக்கோ எடுத்துக்கொண்டு, ஒரு சட்டைப்பை ரேடியோவோடு எட்டுத் திசையிலும் கிலோமீட்டருக்கு ஓரிடம் நின்று கேட்டு, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் போட்டு வரைபடத்தில் குறிக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு மதிப்பெண். வீட்டுக்கு வெளியே ஒன்று, வீட்டுக்குள்ளே ஒன்று. ஓட்டு வீட்டுக்குள் தெளிவாகக் கேட்பது கான்கிரீட் வீட்டுக்குள் கேட்காது. ஜன்னல் ஓரம் கேட்பது அடுப்படியில் கேட்காது. ரேடியோ அங்கேதான் ஓட வேண்டும், ஆனால் பல வீடுகளில் இப்போது ரேடியோ என்ற பெட்டியே இல்லை. கைப்பேசியில் எஃப்எம் கேட்க ஒயருள்ள இயர்போன் வேண்டும், அந்த ஒயர்தான் அதற்கு ஆன்டெனா. ஒயர் இல்லாத இயர்போன் வந்தபிறகு அதுவும் போயிற்று. எஃப்எம் வசதியே முடக்கப்பட்ட கைப்பேசிகள் பெருகியதால்தான், 2023-ல் மத்திய மின்னணுவியல் அமைச்சகம் அதை முடக்காதீர்கள் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்த வேண்டிவந்தது.

அந்த வரைபடத்தை விரித்து வைத்துப் பார்க்கும் நாள்தான் ஒரு நிலையத்துக்கு முக்கியமான நாள். ஐந்து மதிப்பெண் வாங்கிய தெருக்களில் எத்தனை வீடுகளில் நம் நிலையம் ஓடியது என்று எழுதிப் பார்த்தால், பல இடங்களில் கம்பத்தின் அடியில் இருக்கும் தெருவில்கூட ஓடியிருக்காது. அலை வருகிறது, கேட்க ஆள் இல்லை. இதற்கு 250 வாட் என்ன செய்யும்? 1600 வாட்தான் என்ன செய்யும்?

பத்து ஆண்டுகள், பூஜ்ஜிய வாட்

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது மாச்னூர். தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கத்துக் கிராமம். அங்கே டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்ற தொண்டு நிறுவனத்தின் பெண்கள் சங்கங்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், மானாவாரி நிலத்தில் சிறுதானியம் விளைவிப்பவர்கள். யுனெஸ்கோ உதவியோடு 1998-ல் அவர்களுக்கு ஒலிப்பதிவுக்கூடம் கட்டியாயிற்று. உரிமம்தான் கிடைக்கவில்லை. வான்அலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. ஆனால் 2002 டிசம்பரில் வந்த கொள்கை கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கதவைத் திறந்தது, அதன்படிதான் 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் நாட்டின் முதல் வளாக வானொலியாக வந்தது. தொண்டு நிறுவனங்களுக்கு வழிவிட்ட கொள்கை 2006 நவம்பரில் வந்தது. மாச்னூர் பெண்களுக்கு அலைவரிசை கிடைத்தது 2008 அக்டோபர் 15 அன்று. பொதுச்சொத்து என்று தீர்ப்பெழுதிய நீதிபதிகளில் ஒருவரான பி. பி. சாவந்த் தான் அதைத் தொடங்கிவைத்தார்.

நடுவே பத்து ஆண்டுகள். அந்தப் பத்து ஆண்டும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. பேட்டி எடுத்தார்கள், பாட்டுப் பதிந்தார்கள், விதை பற்றியும் மூலிகை பற்றியும் பேசிப் பதிந்தார்கள். கேசட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ச் சங்கக் கூட்டங்களில் டேப் ரெக்கார்டரில் போட்டுக் காட்டினார்கள். ஒரு வாட் இல்லை, கம்பம் இருந்தும் அலை இல்லை. இதை வெறும் காத்திருப்பு என்று பார்த்தால் விஷயம் பிடிபடாது. ஒலிபரப்பில் கேட்கிறவர் முகம் தெரியாது. கேசட் போடும்போது கேட்கிறவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். சலிப்புத் தட்டினால் பக்கத்தில் இருப்பவரோடு பேச ஆரம்பிப்பார்கள், எழுந்து போவார்கள். தப்பாகச் சொன்னால் அங்கேயே திருத்துவார்கள். தன் குரலைக் கேட்டவர் அடுத்த முறை தானும் பேச முன்வருவார். நிகழ்ச்சி தயாரிப்பவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. 2008-ல் டிரான்ஸ்மிட்டர் ஓடத் தொடங்கியபோது கையில் நூற்றுக்கணக்கான மணி நேரப் பதிவும், யார் என்ன கேட்பார்கள் என்ற தெளிவும் இருந்தன. அவர்கள் ஒலிபரப்பியது தினமும் இரவு இரண்டு மணி நேரம்தான். வேலை முடிந்து வீடு திரும்பி, சாப்பாட்டு நேரத்தில் கேட்கக்கூடிய இரண்டு மணி நேரம்.

நம் நிலையங்கள் பலவற்றில் வரிசை தலைகீழாக நடக்கிறது. முதலில் உரிமம், பிறகு கம்பம், பிறகு பதினாறு மணி நேர நிகழ்ச்சி நிரல், கடைசியில்தான் ஆட்கள். பதினாறு மணி நேரத்தை நிரப்ப வழியில்லாமல் சினிமாப் பாட்டு உள்ளே வரும். பாட்டைத்தான் போடப்போகிறோம் என்றால், அதை நம்மைவிட நன்றாகப் போட நகரத்துத் தனியார் எஃப்எம் இருக்கிறது, கேட்பவர் அங்கே போவது நியாயமே. உள்ளூர்ப் பங்கேற்போடு தயாரித்தவை குறைந்தது பாதியாவது இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. நாளைக்கு ஒரு மணி நேரம் சொந்தமாகத் தயாரிக்க முடிந்தால், அதை மாலையில் ஒருமுறை, மறுநாள் விடிகாலையில் ஒருமுறை போட்டுவிட்டு மற்ற நேரம் டிரான்ஸ்மிட்டரை அணைத்துவைப்பதில் ஒரு குறையும் இல்லை. மின்கட்டணமும் மிச்சம்.

வடகடலும் தென்கடலும்

சின்னது ஏன் போதும் என்பதைப் பாம்பனில் பார்க்கலாம். அங்கே 2016 ஆகஸ்ட் 15 முதல் 90.4-ல் கடல் ஓசை ஒலிக்கிறது, மீனவர்களுக்காக மீனவர்கள் நடத்துவது. தீவின் ஒரு பக்கம் பாக் நீரிணை, மறு பக்கம் மன்னார் வளைகுடா. ஊரில் வடகடல், தென்கடல் என்பார்கள். தென்மேற்குப் பருவத்தில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் படுத்துக் கிடக்கும். வாடை பிடித்தால் நிலைமை மாறும். நடுவே இருக்கும் நிலம் சில கிலோமீட்டர் அகலம். பெரிய வானொலியில் "தென் தமிழகக் கடலோரப் பகுதிகளில் காற்று மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடும்" என்று வரும். தப்பில்லை, ஆனால் கரையில் நிற்பவருக்கு அது பாதித் தகவல். எந்தக் கடல்? வீசும் காற்று கச்சானா, கொண்டலா, சோழகமா? நாட்டுப்படகு போகலாமா, விசைப்படகு மட்டும் போகலாமா? ஹைதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் மையம் அனுப்பும் அலை எச்சரிக்கையை வாங்கி, அதை வடகடல், தென்கடல் என்று பிரித்து, காற்றின் பேரை ஊர்ப் பேரில் சொல்ல உள்ளூரில் இருப்பவரால் மட்டும்தான் முடியும். ஆயிரம் கிலோமீட்டர் கரைக்கு ஒரே குரலில் பேசும் நிலையத்தால் இதைச் செய்யவே முடியாது. செய்தால் கன்னியாகுமரிக்காரர் குழம்பிப்போவார். இங்கே 100 வாட் தேவைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. இன்னொன்று, கடல் மட்டமான பரப்பு. மரம், வீடு எதுவும் குறுக்கே நிற்காது. நிலத்தில் போவதைவிட அலை நெடுந்தூரம் போகும்.

பெரிய வானொலியை இதைச் சொல்லிக் குறைத்துப் பேசவில்லை. 1960-களில் ஆடுதுறை 27 நெல்லைத் தஞ்சை விவசாயிகள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள் என்றால், அது திருச்சி வானொலி நிலையம் செய்த வேலை. ஒரு விதையை டெல்டா முழுக்கச் சேர்க்கப் பெரிய அலைதான் வேண்டும். அந்த நெல் தன் வயலில் எப்படி வந்தது என்று ஒரு விவசாயி திரும்பப் பேசத்தான் சின்ன அலை வேண்டும்.

உண்மையாகக் கோபப்பட வேண்டிய விதி வேறொன்று இருக்கிறது. சமுதாய வானொலி செய்தி சொல்லக் கூடாது. ஆகாசவாணியின் செய்தியை ஓர் எழுத்து மாற்றாமல் அஞ்சல் செய்யலாம். வானிலை, பேரிடர், குடிநீர், மின்தடை, தேர்வு முடிவு போன்றவை செய்தியாகக் கருதப்படாது, அவற்றைச் சொல்லலாம். பாம்பனின் காற்று அறிவிப்பு இந்த வழியில்தான் வருகிறது. ஆனால் தில்லியில் நேற்று என்ன முடிவெடுத்தார்கள் என்பதை அஞ்சல் செய்யும் நிலையம், தன் ஊராட்சியில் நேற்று போட்ட தீர்மானத்தைச் செய்தியாகச் சொல்ல முடியாது. பத்து கிலோமீட்டர் வட்டத்துக்குள் மக்களுக்கு வேண்டிய முதல் செய்தி அதுதான். சங்கங்களும் மாநாடுகளும் வாட்டுக்காகச் செலவழிக்கும் மூச்சை இதற்காகச் செலவழிக்கலாம். விளம்பர விஷயத்தில் கேட்டுத்தான் கொஞ்சமாவது கிடைத்தது. 2024 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தில் நடந்த தென்மண்டலக் கூட்டத்தில் அரசு விளம்பரக் கட்டணம் 10 விநாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாக உயர்த்தி அறிவிக்கப்பட்டது. புதிய விதிகளில் மணிக்கு 7 நிமிடமாக இருந்த விளம்பர நேரமும் 12 நிமிடமாயிற்று. செய்தியையும் அப்படிக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

வாட்டைப் பொறுத்தவரை, 250-க்கு மனு எழுதுவதற்கு முன் புரட்டாசியில் மழை இல்லாத ஒரு நாள் பாருங்கள். டிரான்ஸ்மிட்டரை அணைத்து, பிளக்கையும் உருவிவிட்டு, இடுப்பில் பெல்ட் கட்டிய ஒருவரை இரண்டு ஸ்பேனர், ஒரு சுருள் ரப்பர் டேப், ஒரு துணியோடு மேலே அனுப்புங்கள். கனெக்டரைக் கழற்றி நடு ஊசியின் நிறத்தைப் பார்த்துச் சொல்லட்டும். பளபளப்பாக இருந்தால் மறுபடி கீழிருந்து மேலே டேப் சுற்றிவிட்டு இறங்கட்டும். பச்சையாக இருந்தால் கனெக்டரோடு நிறுத்தாதீர்கள், அங்கிருந்து ஒரு முழம் கேபிளை வெட்டி உள்ளே எதுவரை ஈரம் என்று பாருங்கள். பிறகு கருவியைப் போட்டு அந்த இரண்டு எண்களை நோட்டில் எழுதிவிட்டு, கேட்காத ஊருக்கு ரேடியோவோடு கிளம்புங்கள்.